பிறகு என்ன ஆயிற்று என்று கேட்ட டாக்டர்

ஊசி போட்டு முடித்ததும் குட்டி டாக்டர் பஞ்சை நோயாளியின் கையில் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்வார். அவர்கள் அந்தப் பஞ்சைக் கூடையில் போடுவதற்குள் புத்தகத்தில் எழுதி முடித்திருப்பார். எழுதும்போது பேனா மூடி பல்லுக்கிடையில் இருக்கும். அவருடைய பேனா மூடிகள் எல்லாவற்றிலும் பல் தடம் உண்டு. எழுதியதை ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மூச்சு விடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

தமிழ்நாட்டு எல்லைக்கு மலையாளப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் அப்போது பெருக்கித் துடைக்கும் தூப்புக்காரனாக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தூப்பு என்பது பெயருக்குத்தான். கண்ணாடி ஊசிகளை வெந்நீரில் வேகவைப்பது, கட்டுத்துணி வெட்டுவது, வரிசையில் நிற்பவர்களை நகரச் சொல்வது எல்லாம் என் வேலை. கடைசியில் சொன்னது எனக்கு வராது. ஆட்களோடு பேசவே கூச்சப்படுகிறவன் நான். அதனால் ஊசி வேகவைக்கும் அறையிலேயே அதிக நேரம் இருப்பேன். குட்டி டாக்டரும் எழுதுவதற்கு அங்கேதான் வருவார்.

குட்டி டாக்டர் என்றுதான் எல்லோரும் சொன்னோம். படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடம் வேலை பழக வேண்டுமாம். அதில் கொஞ்ச காலம் கிராமத்து ஆஸ்பத்திரியில். அப்படி வந்த பெண் அவர். செய்த வேலையை எல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதிப் பெரிய டாக்டரின் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் இங்கே இருந்த காலம் கணக்கில் சேராது, முதலிலிருந்து மறுபடி இருக்க வேண்டும். புத்தகத்துக்கு அவர் பழைய எக்ஸ்ரே பிலிமில் உறை போட்டிருந்தார். யாருடையதோ விலா எலும்புகள் அதில் தெரியும்.

உள்ளே எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழ் எழுத்தே நாலாம் வகுப்பு வரைதான். ஒருநாள் ஒவ்வொரு பத்தியையும் விரல் வைத்து எனக்குச் சொன்னார். ஆள் பெயர், வீடு, என்ன தீனம் அதாவது நோய், என்ன செய்தோம், தனியாகச் செய்தோமா கூட நின்றோமா. கடைசியில் ஒரு கட்டம் இருந்தது.

"இது என்ன டாக்டரே?"

"பின்னே எந்தாச்சு. பிறகு என்ன ஆச்சுன்னு எழுதணும் அண்ணா."

அவர் வடக்கே மலையோரத்து ஊர்க்காரர். தமிழ் எங்கள் வார்டில் பழகியது. மலையாளத்தைக் கொஞ்சம் வளைத்தால் தமிழாகிவிடும் என்று நினைத்திருந்தார். எங்கள் ஊரில் அது பெரிய தப்பும் இல்லை.

அந்தக் கடைசிக் கட்டம்தான் அவரைப் பிடித்து ஆட்டியது. கூட வந்த இன்னொரு குட்டி டாக்டர், ஓர் உயரமான பையன், தன் புத்தகத்தை ஒரே மத்தியானத்தில் நிரப்பினான். பல நாட்களில் எழுதியது போல இருக்க வேண்டும் என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினான். நடுவில் ஒரு பக்கத்தில் சாயா சொட்டையும் விட்டான். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே வார்த்தை, குணமாயிற்று என்று.

"எல்லாருக்கும் சுகமாயி," என்றான் சிரித்துக்கொண்டே. "சும்மா எழுதிப் போடு. யாரு தேடிப் போய்ப் பாக்கப் போறா?"

"ஞான் போகும்," என்றார் இவர்.

விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்தேன். இல்லை என்பது பாலராமபுரத்து நெசவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவருடைய உள்ளங்கையில் சீழ்க்கட்டி வந்து குட்டி டாக்டர் கீறிவிட்டிருந்தார். கட்டு மாற்ற அவர் திரும்பி வரவில்லை. பிறகு ஒருநாள் வேறு ஏதோ மருந்துக்கு வந்தவர் வரிசையில் நின்று எல்லோருக்கும் கதை சொன்னார்.

"ஞாயித்துக்கெழம. தறிக்குழியில இருந்து நெய்யேன். வாசல்ல ஒரு பிள்ளே வந்து நின்னு, 'கையக் காட்டுங்க'ன்னு கேக்குது. எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. எனக்க பெண்டாட்டி அடுக்களேல இருந்து ஓடி வந்தா. 'அய்யோ, டாக்டரு வீடு தேடி வரணும்னா எனக்க கெட்டியோனுக்குப் பெரிய தீனமாக்கும்'னு நெஞ்சுல அடிச்சு ஒரே விளி. அயலத்துக்காரங்க கூடியாச்சு. ஒருத்தன் என்னக் கிடத்துகதுக்குப் பாயும் எடுத்துட்டு வந்தான். கையில புண்ணு உணங்கி நாளாச்சு, கேட்டியளா!"

வரிசை முழுவதும் சிரித்தது. குட்டி டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு என்னிடம் வந்து, "அந்த அக்கா எதுக்கு அண்ணா கரஞ்சு அழுதாங்க?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நல்லதுக்குப் போனால் ஆட்கள் பயப்படுவார்கள் என்பதை அவர் எங்கும் படித்ததில்லை போலும்.

திரேசாக்காவை நாய் கடித்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து.

திரேசாக்கா மீன்காரி. சந்தை வாசலில் கூடையை இறக்கி வைக்கக் குனிந்தபோது கெண்டைக்காலில் கடித்தது. அதே நாய் ஓர் ஆட்டையும் கடித்து, வாயில் நுரை தள்ளி, வாய்க்காலில் விழுந்து செத்தது. அந்தக் காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி. நாள்தோறும் வர வேண்டும், நடுவில் விடக் கூடாது. ஆண்களே கத்துவார்கள். திரேசாக்கா கத்தவில்லை.

"மீனுக்கு வயிறு கீறுத கையாக்கும் இது," என்று கையை உயர்த்திக் காட்டினார். "இப்ப எனக்க வயித்துக்கும் ஆளு வந்தாச்சு. குத்து மக்கா, குத்து."

குட்டி டாக்டருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. நாள்தோறும் தன் கையாலேயே ஊசி போட்டார். போட்டதும் எழுதினார். ஒருநாள் எழுதி முடித்துவிட்டு முகவரியைப் படித்துப் பார்த்தார். குளத்தூர்ப் பக்கம், கடற்கரை, சிலுவை நிற்கும் குரிசடிக்கு அடுத்து.

"திரேசாக்கா, குரிசடி கழிஞ்சு எந்த வீடு? வலத்தா, இடத்தா?"

"என்னத்துக்கு?"

"ஊசி எல்லாம் முடிஞ்சா நான் ஒருநாள் வந்து பார்ப்பேன். இதுல எழுதணும்."

திரேசாக்கா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். புத்தகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை.

அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பாதி ஊசி பாக்கி. குட்டி டாக்டர் வாசலுக்கும் ஊசி அறைக்குமாக நடந்தார். மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அப்படியே மூடி வைத்தார்.

"அண்ணா, நீங்களும் வரணும். எனக்கு வழி தெரியாது."

ஒரு பெண்ணோடு பஸ்ஸில் போவதை நினைத்தே எனக்கு வியர்த்தது. ஆனால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வராது. அவர் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நான் கடைசிப் படியில் நின்றேன்.

குரிசடி தாண்டிக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். ஒரு பெண் முற்றத்தில் நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"திரேசாவா? அப்பிடி ஒருத்தியும் இஞ்ச இல்ல."

குட்டி டாக்டர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். "இந்த விலாசம்தான் எழுதியிருக்கு."

"எழுதினவங்களுக்க கிட்ட போய்க் கேளுங்க."

"எழுதினது நானாக்கும்."

"அப்போ நீங்களே தேடுங்க."

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு வயசாளி என்னைப் பார்த்து, "சாரே, ரேசன் கார்டு செக்கிங்கா?" என்றார். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

"செக்கிங் இல்ல. ஊசி," என்றார் குட்டி டாக்டர்.

"ஊசிக்கு எதுக்கு இத்தன பெரிய புக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை உறையில் இருந்த விலா எலும்பைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது.

குட்டி டாக்டர் எல்லோரையும் விட்டுவிட்டு, நெத்திலி உலர்த்தும் பெண்ணிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பட்டி, கடிச்ச நாயி, செத்துப் போச்சு. பாக்கி ஊசி எடுக்கலைன்னா, அந்தத் தீனம் வந்தால், யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. தண்ணி கண்டாலே பயந்து, அப்படியே..." அந்தப் பெண்ணின் கை மீன்மேல் அப்படியே நின்றது. பிறகு மறுபடி மீனைப் பரப்ப ஆரம்பித்தார்.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அப்போதுதான் ஒரு பழைய விஷயத்தை அவர் சொன்னார். மெடிக்கல் காலேஜில் ஒரு வயதான அம்மாளுக்கு அவர் தையல் போட்டாராம். மறுநாள் போனால் கட்டில் காலி. புது விரிப்பு விரித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒருவர் சொன்னார், செத்துப்போனாள் என்று இன்னொருவர் சொன்னார். "நான் 'சுகமாயி'ன்னு எழுதிட்டேன் அண்ணா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க." பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்த நேரத்தில் நெத்திலிக்காரப் பெண் ஓடி வந்தார். டாக்டரை விட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, சத்தியமாச் சொல்லணும். நீங்க ஆபீசு ஆளுவளா?"

"நான் ஆசுத்திரியில தூத்துவாருகவனாக்கும்."

என் கைகளைப் பார்த்துவிட்டு நம்பினார். "திரேசா எனக்க கெட்டியோனுக்க தங்கச்சி. வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு. இந்தப் பக்கத்து விலாசம் இல்லேன்னா இந்த ஊசி குடுக்கமாட்டாங்கன்னு நாந்தான் எனக்க வீட்டுப் பேரைச் சொல்லிக் குடுத்தேன். கார்டுல அவளுக்க பேரு இல்ல. வீட்டுக்கு வந்து பாப்பாங்கன்னு யாரு கண்டா? கேசாகும், ரேசனை வெட்டுவாங்கன்னு பேடிச்சுப் போனா. இப்ப உங்க ஆசுத்திரிப் பக்கமே வரமாட்டேன்னுட்டா."

யார் எந்தப் பக்கம் என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனாலும் எல்லையோரத்தில் ஆட்கள் அப்படித்தான் நினைத்தார்கள். மச்சினன் வீடு, மாமியார் வீடு என்று எதையாவது சொல்லி வைப்பார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சும் ஒன்றாகவே இருப்பதால் எங்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

"பின்ன இப்ப எங்க மீன் விக்காங்க?" என்றேன்.

"நாளைக்குச் சனியாழ்ச்ச, காஞ்சிரங்குளம் சந்தைக்குப் போவா."

பஸ்ஸில் குட்டி டாக்டரிடம் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. உடனே அது போய்விட்டது. சனிக்கிழமை காலையில்தான் பெரிய டாக்டர் புத்தகங்களில் கையெழுத்துப் போடுகிறார். அன்று மத்தியானத்திலிருந்து அவர் நீண்ட லீவு.

பெரிய டாக்டர் புத்தகத்தை வாசிக்க மாட்டார். கட்டைவிரலைக் கடைசிக் கட்டத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போவார். விரல் வெற்றிடத்தில் நின்றால் புத்தகம் திரும்பி வரும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் உயரப் பையன் ஊசி அறைக்கு வந்து கெஞ்சினான். "'வந்தில்ல'ன்னு எழுதிடு. அது பொய் இல்லல்லோ?"

"வந்தில்லன்னு எழுதினா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். முடிஞ்சில்லல்லோ."

"நாளைக்குப் போகலாமே?"

"நாளைக்கு அவங்க எங்கே இருப்பாங்க? உனக்குத் தெரியுமா?"

நர்ஸ் அம்மா பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்துக்குப்பியை உள்ளே வைத்து என் கையில் கொடுத்தார். குட்டி டாக்டர் வழக்கம்போலப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். கேட்காமல் நான் அவரிடம் எதையும் சொன்னதே கிடையாது. அன்றைக்குச் சொன்னேன்.

"டாக்டரே, அதக் கொண்டு போவண்டாம். அதக் கண்டுதான் ஓடினாங்க."

அவர் அடிபட்டவர் போல என்னைப் பார்த்தார். புத்தகத்தைத் திருப்பி அந்த எலும்புப் படத்தைப் பார்த்தார். பிறகு உயரப் பையனிடம் நீட்டினார். "சார் கேட்டால் கொடு."

காஞ்சிரங்குளம் சந்தையில் திரேசாக்கா எங்களை முதலில் பார்த்துவிட்டார். கூடையைப் பாதி தூக்கினார். சாளை மீன் நாலு பக்கமும் சிதறியது. பக்கத்துப் பெண்கள் எழுந்து குறுக்கே நின்றார்கள்.

"எலே, யாருலே நீ? வியாவாரத்துல வந்து பெண்ணுங்களப் பிடிக்கியா?" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே மீன்கத்தியை ஆட்டினாள். நான் பிளாஸ்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

குட்டி டாக்டர் மீன் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "திரேசாக்கா, பாருங்க, புக்கு இல்ல. நான் எதுவும் எழுதமாட்டேன்."

"பின்ன அது என்னது?" என்றார் திரேசாக்கா.

கோட்டுப் பையில் பேனா இருந்தது. குட்டி டாக்டர் அதை எடுத்து அவரிடமே கொடுத்தார். திரேசாக்கா அதை வாங்கித் தன் மடியில் செருகிக்கொண்டார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். கத்தி இறங்கியது.

சந்தைக்குப் பின்னால், இரண்டு பெண்கள் கைலியை விரித்து மறைப்பாகப் பிடித்தார்கள். நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். திரேசாக்காவின் குரல் மட்டும் கேட்டது. அதில் விளையாட்டு இல்லை.

"நாளு விட்டுப் போச்சே பிள்ளே. இனி இந்த ஊசி ஏக்குமா, பலிக்குமா?"

குட்டி டாக்டர் பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருக்கலாம்.

"தெரியல அக்கா. ஆனா போடணும்."

"அப்போ போடு."

திரும்பி வந்தபோது பெரிய டாக்டரின் கார் போய்விட்டிருந்தது. புத்தகம் மேசையில் கிடந்தது. கையெழுத்து இல்லை. உயரப் பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டு அவன்தான் கண் கலங்கினான். இவர் ஊசி அறைப் பெஞ்சில் உட்கார்ந்து, வெந்நீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், "அண்ணா, திரேசாக்காவுக்கு நாளைக்கு எந்தச் சந்தை?"

திரேசாக்கா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். நீ வேணும்னா வா என்றார். அதனால் பாக்கி ஊசி எல்லாம் ஒவ்வொரு சந்தையாகப் போயிற்று. நான் பிளாஸ்க் தூக்கினேன். "ஊசிக்காரி வந்தாச்சு, கைலியப் பிடிங்கடீ" என்று திரேசாக்கா தூரத்திலேயே குரல் கொடுப்பார். எனக்கு இலையில் சாளை பொதிந்து தருவார். பேனாவை மட்டும் கடைசி ஊசி வரை திருப்பித் தரவில்லை.

குட்டி டாக்டர் அந்தக் காலத்தை முதலிலிருந்து மறுபடி எங்களோடு கழித்தார். புதிதாக வந்த பெரிய டாக்டர் கட்டத்தைப் பார்த்து, "ஊசி முழுசும் போட்டாச்சுன்னு எழுதினா போதும்" என்றார். எழுதினார், கையெழுத்தும் கிடைத்தது. ஆனால் போகும் நாளில் அவர் முகம் தெளிவாக இல்லை. அந்தத் தீனம் சிலருக்கு மாதங்கள் கழித்தும் வருமாம்.

"நான் எதிர்க்கடை பூத்துக்கு விளிப்பேன் அண்ணா. நீங்க பாத்துச் சொல்லணும்."

விளித்தார். எதிரே எஸ்டிடி பூத் வைத்திருந்தவர் ரோட்டுக்கு வந்து, "எலே, ஒனக்க டாக்டரு விளிக்கா!" என்று சந்தி முழுவதும் கேட்கக் கத்துவார். நான் தலை குனிந்து ஓடுவேன். போனில் அவர் வேறெதுவும் கேட்கமாட்டார்.

"திரேசாக்கா எப்படி? தண்ணி குடிக்கறாங்களா? நீங்க பாத்தீங்களா?"

அதனால் நான் பார்க்க வேண்டியதாயிற்று. பயம் தெளிந்து திரேசாக்கா மறுபடி எங்கள் வாசல் வழியே விற்க வர ஆரம்பித்திருந்தார். அவரைக் கண்டதும் ஒரு டம்ளர் தண்ணீரோடு போய் நிற்பேன். அவர் டம்ளரை வாங்கி உதட்டருகே கொண்டுபோகும்வரை கண்ணை எடுக்கமாட்டேன். விழுங்கினதும்தான் நான் திரும்புவேன்.

"என்னத்துக்குலே எப்பப் பாத்தாலும் தண்ணி தாற? எனக்க மூஞ்சியப் பாத்தா தாகமாட்டா இருக்கு?"

காரணத்தை எப்படிச் சொல்வது?

ஒருநாள் நான் போனில் நின்றபோது திரேசாக்கா கூடையோடு ரோட்டைக் கடந்தார். பூத்துக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இந்தா, உன்னப் பத்தித்தான் கேக்கா டாக்டரு. நீ தண்ணி குடிக்கியான்னு." திரேசாக்கா நின்றார். கூடையை இறக்கினார். எல்லாம் அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நேராக வந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

"எடீ ஊசிக்காரி, நான் திரேசா. கேளு."

பூத் மேசைமேல் இருந்த பாட்டிலைத் திறந்து, ரிசீவரைத் தொண்டைப் பக்கம் வைத்துக்கொண்டு, மடமடவென்று குடித்தார். தண்ணீர் கழுத்து வழியே இறங்கிச் சட்டையை நனைத்தது. பாட்டில் காலியானதும் ரிசீவரை என் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, பிறகு சிரிப்பு. லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு குட்டி டாக்டர் விளிக்கவில்லை. எங்கே மேலே படிக்கப் போனார், எந்த ஊரில் இருக்கிறார், கல்யாணம் ஆயிற்றா, ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்து போன மற்ற குட்டி டாக்டர்களிடம் கேட்க எனக்குக் கூச்சம். திரேசாக்காதான் வாசலில் கூடையை இறக்கி வைக்கும்போதெல்லாம் கேட்பார்.

"அந்தப் பிள்ளே விளிச்சாளாலே?"

"இல்லக்கா."

"சுகமா இருக்காளோ என்னவோ. விளிச்சா என்னயும் கூப்பிடு, கேட்டியா?"

சரி என்பேன். அவர் மீனை மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கிவிட்டு, பூத்துப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார்.